கொட்டாங்குச்சி முதல் பேட்டரி வரை: கரியைப் பற்றி வடசென்னைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கார்பன் பொருள் என்றால் எதையெல்லாம் சேர்த்துச் சொல்கிறீர்கள்?

இஸ்திரி வண்டிக் கரி, டயரைக் கறுப்பாக்கும் கார்பன் பிளாக், குடிநீர் ஃபில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன், பென்சிலில் இருக்கும் கிராஃபைட், பைக் உதிரிபாகங்களில் வரும் கார்பன் ஃபைபர், ஆய்வகத்தில் செய்யும், ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீன் எல்லாமே இந்தக் குடும்பம்தான். அணு ஒன்றுதான், அடுக்கப்பட்டிருக்கும் விதம் வேறு. அந்த அடுக்கை முடிவு செய்வது எந்த மூலப்பொருள், எத்தனை டிகிரி சூடு, காற்று எவ்வளவு என்ற மூன்றும்தான். இந்தப் பக்கத்தில் தென்னை, கரித்தூள், டயர் என்று நம் தெருவில் கிடைப்பவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். கிராஃபீன் பற்றிய பேச்சு நிறைய இருக்கிறது, ஆனால் திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ நாளைக்கே செய்யத்தக்க வேலை கொட்டாங்குச்சியில்தான் இருக்கிறது.

கரி போடுவதும் எரிப்பதுதானே? இதில் சுற்றுச்சூழலுக்கு என்ன நன்மை?

எரிப்பது வேறு, காற்றைக் குறைத்துச் சுடுவது வேறு. கொட்டாங்குச்சியைத் திறந்தவெளியில் எரித்தால் சாம்பல் மட்டும் மிஞ்சும், உள்ளே இருந்த கார்பன் முழுக்க கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். அப்படியே விட்டாலும் வருஷக்கணக்கில் மக்கி அதே வாயுவாகத்தான் மாறும். 450 முதல் 700 டிகிரி வரை, ஆக்சிஜன் போதாத நிலையில் சுட்டால் எரிவாயுக்கள் வெளியேறி எரிந்துவிடும், கார்பனில் ஒரு பெரும்பகுதி கெட்டியாக நின்றுவிடும். இந்தக் கரியை மண்ணில் போட்டால் நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியாது. நன்றாகச் சுட்ட கரியின் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடக்கும்.

கணக்கு எளிது. நல்ல கொட்டாங்குச்சிக் கரியில் சுமார் 80 சதவீதம் கார்பன். ஒரு கிலோ கார்பன் எரிந்தால் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஆகும். ஆக, ஒரு கிலோ கரியை எரிக்காமல் மண்ணிலோ சிமென்ட்டிலோ வைத்தால் சுமார் 2.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றுக்குப் போகவில்லை என்று பொருள். அதே கரியை அடுப்பில் போட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

எதைக் கரியாக்கலாம், எதைத் தொடவே கூடாது?

கொட்டாங்குச்சி முதல் தரம். சீமைக்கருவேல விறகு நல்லது. தச்சுப்பட்டறையில் விழும் பூச்சு இல்லாத மரத்துண்டும் சரி. இளநீர்க் கூடு ஊரெல்லாம் குவிகிறது, ஆனால் வெட்டிய அன்று அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர். நான்காகப் பிளந்து, கோடை வெயிலில் மூன்று நான்கு வாரம் காயப் போடாமல் அதைச் சுட முயன்றால் புகைதான் மிஞ்சும். தவிர, தென்னை நாரிலும் மட்டையிலும் பொட்டாசியமும் உப்பும் அதிகம். அந்தக் கரியைச் செடிக்குப் போடும் முன் இரண்டு முறை தண்ணீரில் அலச வேண்டும்.

பெயின்ட் அடித்த கதவு, பிளைவுட், பழைய படகுப் பலகை, கலந்த குப்பை எதுவும் வேண்டாம். பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பிவிசி ஒரு துண்டு கலந்தாலும் டையாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டாகும். கடலில் ஊறிய கட்டையின் உப்பில் உள்ள குளோரினும் அதே வேலையைச் செய்யும். கொடுங்கையூர் கிடங்கில் கிடப்பது போன்ற கலந்த குப்பையைக் கரியாக்கி மண்ணுக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரித்து வைத்த பொருள்தான் நல்ல கரி ஆகும்.

மொட்டைமாடியில் அல்லது தெருமுனையில் சுடலாமா?

வேண்டாம். வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் எவ்வளவு நல்ல டிரம்மாக இருந்தாலும் பற்றவைக்கும் முதல் பத்து நிமிடம் புகை வரும். பக்கத்து வீட்டில் இரைப்புக்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கச் சட்டத்திலும் தடை இருக்கிறது.

வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும் வேண்டும் என்றால் சுடவே தேவையில்லை. கரிக்கடையில் மூட்டை மாற்றும்போது அடியில் தங்கும் கரித்தூளை வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்புக்கு ஆகாது என்பதால் குறைந்த விலைக்கே தருவார்கள். நமக்கு வேண்டியதும் அந்தத் தூள்தான், உடைக்கிற வேலையும் மிச்சம். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: மண்ணெண்ணெய் வாடை அடிக்கக் கூடாது, சாம்பல் நிறைய கலந்திருக்கக் கூடாது. கட்டியாக அழுத்திய, உடனே பற்றிக்கொள்ளும் கரி வில்லைகளை வாங்காதீர்கள். அவற்றில் பற்றவைக்கும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள்.

மாதவரம், மீஞ்சூர் பக்கம் எங்களுக்குத் திறந்த நிலம் இருக்கிறது. டிரம்மில் எப்படிச் சுடுவது?

மேல்வழியே பற்றவைக்கும் டிரம் முறையைத்தான் பரிந்துரைப்போம். தேவையானவை: மேல்பக்கம் முழுதாக வெட்டித் திறந்த 200 லிட்டர் இரும்பு டிரம், மூன்று செங்கல், புகைக்குழாய்க்கு ஓட்டை போட்ட ஒரு மூடி, 6 அங்குல அகலமும் 3 அடி உயரமும் உள்ள தகரக்குழாய், ஓட்டையில்லாத இன்னொரு மூடி, ஈரமணல், 50 லிட்டர் தண்ணீர். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். சமையல் எண்ணெய் டிரம் நல்லது. பூச்சிமருந்து, தின்னர், ரசாயனம் இருந்த டிரம் ஆகவே ஆகாது. தின்னர் ஆவி தங்கியிருந்தால் கட்டிங் மெஷின் தீப்பொறிக்கே வெடிக்கும். உள்ளே பெயின்ட் பூச்சு இருந்தால் முதல் ஒரு முறை வெறும் விறகை எரித்து அதை நீக்கிவிட வேண்டும்.

அடிப்பக்கத்தில் 12 மி.மீ. ஓட்டை நாற்பது, பரவலாகப் போடுங்கள். டிரம்மைச் செங்கல் மேல் நிறுத்துங்கள். கொட்டாங்குச்சியை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாதபடி உடையுங்கள். இதில் சோம்பல் கூடாது. பாதிக் கொட்டாங்குச்சி அப்படியே கிடந்தால் ஒன்றுக்குள் ஒன்று கவிழ்ந்து காற்று போகும் வழியை அடைத்துவிடும், பாதி டிரம் கரியாகவும் பாதி பழுப்பாகவும் வரும். விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை நிரப்பி, மேலே மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த தென்னை நாரும் ஓலையும் பரப்பி, மேலே இருந்து பற்றவையுங்கள்.

மேல்பரப்பு முழுக்கத் தீப்பிடித்த பிறகு புகைக்குழாய் மூடியை வையுங்கள். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு விரல் கனம் இடைவெளி வேண்டும், சுற்றிலும் சிறு கல் வைத்தால் போதும். அந்த இடைவெளி வழியாக வரும் காற்றில்தான் புகை எரிகிறது. தீ மேலிருந்து கீழே மெல்ல இறங்கும், வெளியாகும் வாயு மேலே எரியும், மேலே இருக்கும் கரிக்குக் காற்று எட்டாது. சுமார் இரண்டு மணி நேரத்தில் குழாய் உச்சியில் தெரிந்த மஞ்சள் சுவாலை சுருங்கிக் குட்டையான நீலமாக மாறும், குனிந்து பார்த்தால் அடி ஓட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி கனன்று தெரியும். அதுதான் நிறுத்த வேண்டிய நேரம். நீலம் வந்தபின் விட்டுவைத்தால் எரிவது கரி.

நிறுத்த இரண்டு வழி. டிரம்மைக் கம்பியால் நெம்பி ஈரமணல் மேல் இறக்கி, முழுமூடி போட்டு, விளிம்பையும் ஈரமணலால் அடைத்து மறுநாள் திறக்கலாம். அல்லது ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். தோட்டத்துக்கு இரண்டாவது வழி நல்லது, உப்பும் சாம்பலும் ஓரளவு கழுவிப்போகும். ஆனால் நீராவி சட்டென்று முகத்துக்கு வரும், நீளக் குழாயால் தள்ளி நின்று ஊற்றுங்கள். 40 கிலோ காய்ந்த கொட்டாங்குச்சிக்கு 8 முதல் 10 கிலோ கரி கிடைத்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

புகை அடங்கவே இல்லை, அல்லது கரி குறைவாக வந்தது. ஏன்?

வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஈரம். கொட்டாங்குச்சித் துண்டை விரலால் ஒடித்தால் 'சடக்'கென்று ஒடிய வேண்டும், நார் வளைந்தால் இன்னும் காய வேண்டும். கறுத்த புகை என்றால் மேலே காற்று போதவில்லை, மூடி இடைவெளியைக் கூட்டுங்கள். சாம்பல் அதிகம், கரி குறைவு என்றால் அடியில் காற்று கூடிவிட்டது. எண்ணூர்க் கடற்காற்று சாயங்காலம் வேகமாக அடிக்கும், ஆகவே விடியற்காலையில் சுடுங்கள் அல்லது காற்று வரும் பக்கம் தகரம் மறைப்பு வையுங்கள்.

அணைத்த கரி தானாக மறுபடி பற்றும். உள்ளே ஒரு கங்கு இருந்தாலும் போதும். புதுக் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும்போதே சூடாகும் என்பதும் ஒரு காரணம். ஒரு நாள் முழுக்க வெட்டவெளியில் மெல்லியதாகப் பரப்பி வைத்த பிறகுதான் சாக்கில் கட்ட வேண்டும். வீட்டுக்குள், ஷெட்டுக்குள் சுடுவதும், குளிருக்குக் கரி அடுப்பை மூடிய அறையில் வைப்பதும் உயிரை எடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

கரி நன்றாக வெந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஈரக் கையில் தேயுங்கள். வெறும் தண்ணீரிலேயே கறை போய்விட்டால் நல்ல கரி. சோப்பு போட்டும் பிசுபிசுப்பு நின்றால் தார் தங்கியிருக்கிறது, இன்னும் சூடு தேவைப்பட்டிருக்கிறது. தரையில் போட்டால் கண்ணாடி போல 'கிணுங்' என்று ஒலிக்க வேண்டும். செடிக்கு முன் வெந்தய சோதனை செய்யுங்கள்: மண்ணில் பத்தில் ஒரு பங்கு கரி கலந்த தொட்டி ஒன்று, கலக்காதது ஒன்று, இரண்டிலும் இருபது வெந்தயம். ஒரு வாரத்தில் கரித்தொட்டியில் முளைப்பு குறைந்தால் அந்தக் கரியை மறுபடி அலசுங்கள்.

மாடித்தோட்டத் தொட்டியில் எவ்வளவு போடுவது? போட்டதும் செடி மஞ்சளாகிவிட்டதே?

மஞ்சளானதற்குக் காரணம், வெறுங்கரியைப் போட்டது. கரியின் நுண்துளைகள் மண்ணில் இருக்கும் அம்மோனியத்தையும் மற்ற சத்தையும் முதலில் தான் இழுத்து வைத்துக்கொள்ளும். பசித்த கரியை ஊட்டிவிட்டுத்தான் மண்ணுக்கு அனுப்ப வேண்டும்.

அரிசி முதல் பட்டாணி அளவு வரை உடைத்த கரி 10 லிட்டர் வாளி ஒன்று, மண்புழு உரம் அல்லது வீட்டு உரம் அதே அளவு, மாட்டுச்சாணக் கரைசல் அல்லது ஜீவாமிர்தம் 3 லிட்டர். பிழிந்தால் ஒரு சொட்டு வரும் ஈரத்தில் கலந்து, நிழலில் சாக்குப் போட்டு மூடி மூன்று வாரம் வையுங்கள். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். உடைக்கும்போது ஈரமாக்கி உடையுங்கள், காய்ந்த தூள் நுரையீரலுக்குப் போகும். இந்தக் கலவையில் தொட்டி மண்ணுக்குப் பத்தில் இரண்டு பங்கு சேர்த்தால் கரி மட்டும் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். அதற்கு மேல் வேண்டாம். தரையில் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை, மேல் ஆறு அங்குல மண்ணில் கலக்க வேண்டும். ஒருமுறை போட்டால் போதும், வருஷா வருஷம் போடுகிற உரம் இல்லை இது.

இங்கே ஒரு எச்சரிக்கை முக்கியம். கரியின் பிஹெச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) பெரும்பாலும் 8 முதல் 10 வரை. கரி போட்டால் விளைச்சல் பெருகும் என்று வரும் செய்திகளில் பல, அமில மண்ணில் நடந்த சோதனைகளை வைத்து எழுதியவை. மண்ணின் பிஹெச் 8-ஐத் தாண்டினால் கரியின் அளவைப் பாதியாக்கி, உரத்தைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் இளம் இலை வெளுக்கும். கத்திவாக்கம், எர்ணாவூர்ப் பக்கத்து மணல் தரையில் கரியின் உண்மையான பலன் வேறு: தண்ணீரையும் உரத்தையும் வேர் மட்டத்திலேயே நிறுத்தி வைக்கும். மாடித்தொட்டியில் மே மாதத்தில் அந்த வித்தியாசம் தெரியும்.

எங்கள் பக்கத்து மண்ணில் சாம்பலும் ரசாயனமும் கலந்திருக்கிறது. கரி போட்டால் சுத்தமாகிவிடுமா?

ஆகாது. ஈயம், காட்மியம் போன்றவற்றைக் கரி பிடித்து வைக்கும், செடிக்குள் ஏறுவது குறையும். ஆனால் அவை அதே மண்ணில்தான் இருக்கும். ஆர்செனிக் விஷயத்தில் கரி எதிர்மாறாகவும் வேலை செய்யும், பிஹெச் ஏறும்போது ஆர்செனிக் கரைந்து நகரத் தொடங்கலாம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக் இருக்கும் என்பதால், சாம்பல் படிந்த தரையில் கரியை நம்பிக் கீரை போடாதீர்கள். கீரையும் கிழங்கும்தான் உலோகத்தை அதிகம் ஏற்றிக்கொள்ளும். தரையிலிருந்து பிரித்த தொட்டியில், வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் வளர்ப்பதே பாதுகாப்பு.

அனல்மின் நிலையச் சாம்பலும் கார்பன்தானே?

இல்லை. உலர்சாம்பல் பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும். அதில் எரியாமல் மிஞ்சிய கார்பன் சிமென்ட்டுக்கு இடைஞ்சல், காற்றுக்குமிழி சேர்க்கும் ரசாயனத்தை உறிஞ்சி கான்கிரீட்டின் கலவையைக் கெடுக்கும். அதனால்தான் இந்தியத் தரவிதி சாம்பலை மறுபடி சுடும்போது இழக்கும் எடைக்கு (அது பெரும்பாலும் மிஞ்சிய கார்பன்) 5 சதவீதம் என்று எல்லை வைத்திருக்கிறது. சாம்பலைத் தோட்டத்துக்குப் போடும் கரியாக யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அப்படியென்றால் சிமென்ட்டில் கரி சேர்க்கலாம் என்கிறார்களே?

அது வேறு கரி, வேறு அளவு. மாவாக அரைத்த நல்ல கரி, சிமென்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது 50 கிலோ மூட்டைக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை. முதல் நாளே ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும். ஊறிய தண்ணீர் பிறகு மெல்ல வெளியே வந்து உள்ளிருந்தே நீராற்றும். 5 சதவீதத்தைத் தாண்டினால் வலு இறங்கும். நடைபாதைக் கல், சுற்றுச்சுவர்ப் பூச்சு போன்றவற்றில் பழகலாம். தூணிலும் தளத்திலும் பொறியாளர் கான்கிரீட் கனசதுரத்தை அழுத்திப் பார்க்கும் வலுச் சோதனை இல்லாமல் வேண்டாம்.

வீட்டில் சுட்ட கரியை வாட்டர் ஃபில்டரில் போடலாமா?

போடாதீர்கள். ஃபில்டரில் இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன். கரியை 800 முதல் 1,000 டிகிரியில் நீராவியால் அரித்து உள்துளைகளைத் திறக்கிறார்கள். ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு உண்டாகும். அந்த அரிப்பில் கரியின் பெரும்பகுதி வாயுவாகிவிடுவதால் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய மூன்று டன் கரி தேவை. கொட்டாங்குச்சிக் கரி இதற்கு உலகம் முழுக்க விரும்பப்படுகிறது, துளைகள் மிக நுண்ணியவை, துகள் உதிராத கெட்டி.

அந்தக் கார்பன் குளோரினையும் வாடையையும் பல கரிம ரசாயனங்களையும் பிடிக்கும். உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் எதையும் பிடிக்காது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துக் கார்பனைச் சோதிப்பது வீண். ஆர்.ஓ.வில் சவ்வுக்கு முன்னால் கார்பன் வைப்பது, மெட்ரோ தண்ணீரின் குளோரின் சவ்வை அரித்துவிடாமல் இருக்க. ஆறு மாதம், அல்லது தண்ணீரில் குளோரின் வாடை திரும்பும் நாள், எது முதலோ அன்று மாற்றுங்கள். குளோரின் போன தண்ணீரில் கிருமி வளரும், ஊருக்குப் போய் வந்தால் முதல் சில லிட்டரைக் கொட்டிவிடுங்கள்.

மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளில் கார்பன் தொட்டி சுத்தம் செய்யும் தொழிலாளர்கள் கவனத்துக்கு: ஈரமான ஆக்டிவேட்டட் கார்பன், மூடிய தொட்டியில் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். விஷவாயு எதுவும் இல்லாமலேயே இறங்கியவர் மயங்கி விழுவார். ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் இறங்கக் கூடாது. இடுப்புக் கயிறும் வெளியே ஒருவரும் இல்லாமல், எந்த அவசரத்துக்கும் இறங்கக் கூடாது.

பழைய டயரிலிருந்து கார்பன் எடுப்பது பசுமையான தொழிலா?

எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. புது கார்பன் பிளாக் கனமான எண்ணெயைச் சுமார் 1,400 டிகிரிக்கு மேல் பாதி எரித்து எடுப்பது, ஒரு டன்னுக்கு 2 டன் அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. டயரைக் காற்றில்லாமல் சுட்டால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரி கிடைக்கும், மீதி எண்ணெய், இரும்புக் கம்பி, வாயு. ஆனால் அந்தக் கரியில் துத்தநாகமும் சிலிக்காவும் சேர்ந்து 15 சதவீதத்துக்கு மேல் சாம்பல். புது கார்பன் பிளாக்கில் அது 1 சதவீதத்துக்கும் கீழே. அதனால் டயரின் தரைபடும் பகுதிக்கு ஆகாது. ஃப்ளோர் மேட், ஹோஸ், செருப்பு அடி ஆகியவற்றில் ஒரு பங்காகச் சேர்க்கலாம்.

மோசமாக நடக்கும் இடம், ஒவ்வொரு முறையும் டயர் சுடும் கலனைத் திறந்து கரியை வாரும் சிறு ஆலைகள். முழுக்க ஆறும் முன் கதவைத் திறந்தால் சூடான கரியும் தங்கிய வாயுவும் காற்றுப்பட்டுப் பற்றிக்கொள்ளும். தூள் பல தெருவுக்குப் படியும். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பிறகு டயர் கம்பெனியானது என்பதால், ரப்பர் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 2022-இல் வந்த விதிகள் டயர் தயாரிப்பாளர்களையே பழைய டயருக்குப் பொறுப்பாக்கின, எண்ணெய்க்கும் கரிக்கும் சுடுவதற்காக வெளிநாட்டுப் பழைய டயரை இறக்குமதி செய்யவும் தடை போட்டன. மூடிய குழாயில் கரியை நைட்ரஜனில் ஆறவைத்து எடுக்கும் ஆலைக்குத்தான் ஆதரவு தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பேட்டரியில் கொட்டாங்குச்சிக் கரி வருமாமே?

வரும் சாத்தியம் நன்றாகவே இருக்கிறது. லித்தியம் பேட்டரியின் எதிர்முனை கிராஃபைட், ஒரு கிராமுக்கு அதிகபட்சம் 372 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் தேக்கும். லித்தியத்துக்கு மாற்றாக வரும் சோடியம் பேட்டரியில், சோடியம் அயனி கிராஃபைட் அடுக்குகளுக்குள் சரியாக நுழையாது. அதற்கு அடுக்கு குலைந்த 'ஹார்டு கார்பன்' வேண்டும், கொட்டாங்குச்சி அதற்கு நல்ல மூலப்பொருள். கரியை அமிலத்தில் கழுவிப் பொட்டாசியத்தையும் சாம்பலையும் நீக்கி, நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவில் 1,200 முதல் 1,400 டிகிரி வரை சுட்டால் கிராமுக்கு 300 அளவில் தேக்கும். கழுவல் சரியில்லாவிட்டால் முதல் சார்ஜிலேயே சோடியத்தில் ஒரு பங்கு திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். காரைக்குடியில் உள்ள சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற ஆய்வகங்களில் பேட்டரிக் கார்பன் பற்றிய வேலை நடக்கிறது. பட்டறையில் செய்யத்தக்க வேலை இல்லை இது. ஆனால் அந்த ஆலைகளுக்குச் சுத்தமான, ஒரே தரமான கரியைக் கொடுப்பது சிறு தொழிலாக வரக்கூடும், அதற்கு இப்போதே சாம்பல் அளவு எழுதிவைத்துப் பழக வேண்டும்.

காசிமேட்டு ஃபைபர் படகைக் கார்பன் ஃபைபரில் செய்தால்?

எடை குறையும், டீசல் மிச்சமாகும், ஆனால் இப்போதைக்கு வேண்டாம். விலை பல மடங்கு. கார்பன் மின்சாரம் கடத்தும், உப்புத்தண்ணீரில் அலுமினியப் பாகத்தோடு ஒட்டினால் அலுமினியம் வேகமாக அரிக்கும். கரையில் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் வைத்து ஒட்டுப்போடுவது போல அதற்கு ஒட்டுப்போட முடியாது, எபாக்ஸியும் வெற்றிடப் பம்பும் கேட்கும்.

கடலில் கொட்டிய எண்ணெயைக் கரி உறிஞ்சுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்த பிறகு இந்தக் கேள்வி நிறைய வருகிறது. சூட்டில் உப்பவைத்த கிராஃபைட், தன் எடையைப் போல் 50 மடங்குக்கு மேல் கனமான எண்ணெயைப் பிடிக்கும், தண்ணீரை விட்டுவிடும். பஞ்சையோ நாரையோ கரியாக்கினாலும் எண்ணெயை நாடும். ஆனால் தூளாக வீசவே கூடாது. எண்ணெய் ஊறிய தூள் அலையாத்தி வேரிலும் சேற்றிலும் படிந்தால் வாரி எடுக்க வழியில்லை. துணிப்பைக்குள் தைத்த நீளத் தலையணையாகக் கட்டி, மிதக்கவிட்டு, முழுதாக இழுத்து எடுக்க வேண்டும். எடுத்ததை எங்கே கொண்டுபோவது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், அது அபாயக் கழிவு.

கரி செய்தால் கார்பன் கிரெடிட் பணம் வருமா?

கார்பன் கிரெடிட் என்பது காற்றுக்குப் போகாமல் நிறுத்திய கார்பன் டை ஆக்சைடுக்குத் தரும், விற்கத்தக்க சான்று. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு கணக்குக்குச் சுமார் 350 கிலோ நல்ல கரி வேண்டும், மேலே சொன்ன டிரம்மில் அது 35 முறைக்கு மேல். கரி எவ்வளவு நன்றாக வெந்தது என்பதைக் காட்டும் ஹைட்ரஜன்-கார்பன் அணு விகிதம் 0.7-க்குக் கீழே என்று ஆய்வகச் சான்று, எங்கே போட்டீர்கள் என்ற பதிவு, சுடும்போது மீத்தேன் கசிந்ததா என்ற கணக்கு எல்லாம் கேட்பார்கள். தனி ஆளுக்குச் செலவுதான் மிஞ்சும். கொட்டாங்குச்சி தரும் ஹோட்டல்கள், சுடும் இடம், வாங்கும் தோட்டக்காரர்கள் என்று ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒவ்வொரு சுடலின் தேதி, உள்ளே போட்ட எடை, வெளியே வந்த எடை, ஈரம் நீக்கிய எடை ஆகியவற்றை நோட்டில் எழுதி வந்தால் பிறகு பேச இடம் இருக்கும்.